குழாய் வைத்தாச்சு, அப்புறம்?

சென்ற மாதம் இந்தப் பகுதியில், நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே பெருந்தமனியைச் சரிசெய்யும் ‘டெவார்’ சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தேன். இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக்குழாய்தான் பெருந்தமனி. ஆஸ்பத்திரியில் அயோர்ட்டா என்பார்கள். அது வீங்கினாலோ, அதன் உள்சுவர் கிழிந்தாலோ, துணி போர்த்திய கம்பிக்குழாய் ஒன்றை மடக்கி உள்ளே கொண்டுபோய் விரித்து வைப்பதுதான் இந்தச் சிகிச்சை. கடிதங்கள் நிறைய வந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சை முடிந்தவர்களின் வீட்டார். வைத்த குழாய் எத்தனை காலம் தாங்கும், இனி எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. இந்த மாதம் முழுப் பகுதியையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

“என் அப்பாவுக்கு 68 வயது. தறிக்காரர். நெஞ்சுப் பகுதி பெருந்தமனியில் 6.2 செ.மீ. வீக்கம் இருந்து, மூன்று வருடம் முன்பு வெளியூரில் குழாய் வைத்தோம். சில நாளிலேயே எழுந்து நடந்துவிட்டார். முதல் வருடம் சொன்னபடி ஸ்கேன் எடுத்தோம், நன்றாக இருக்கிறது என்றார்கள். அதன்பின் போகவில்லை. போனால் கார் வாடகை, ஸ்கேன் செலவு, தறியும் நிற்கும். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இன்னும் ஸ்கேன் தேவைதானா, டாக்டர் அம்மா?” – ஒரு மகன், அம்மாப்பேட்டை

தேவை. இந்த மாதமே எடுத்துவிடுங்கள் தம்பி. தொந்தரவு இல்லை என்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பாவின் நெஞ்சுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே புரியும். நிட்டினால் என்ற உலோகக் கம்பி வளையங்கள், அவற்றின் மேல் பாலியெஸ்டர் அல்லது டெஃப்ளான் வகைத் துணி. அந்தக் குழாயை யாரும் தையல் போட்டுப் பொருத்தவில்லை. வீக்கத்துக்கு மேலே கொஞ்சம் நல்ல பெருந்தமனி, கீழே கொஞ்சம் நல்ல பெருந்தமனி. அந்த இரண்டு இடத்திலும் தன் விறைப்பாலேயே சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறது. ரத்தம் குழாய்க்குள்ளேயே போவதால் வெளியே இருக்கும் வீக்கத்துக்குள் அழுத்தம் இறங்குகிறது, அங்கே தேங்கிய ரத்தம் உறைகிறது, வீக்கம் மெல்லச் சுருங்குகிறது. வீக்கத்தை யாரும் வெட்டி எடுக்கவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. இதை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு வயது கூடக்கூட அந்த ‘நல்ல’ பகுதியும் விரிகிறது. குழாய் அதோடு சேர்ந்து ஓரளவுதான் விரியும். நாலாம் வருடமோ ஏழாம் வருடமோ, ஒரு முனையின் பிடி தளர்ந்து, ரத்தம் ஓரமாகப் புகுந்து பழைய வீக்கத்துக்குள் போகலாம். எண்டோலீக் என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இந்தக் கசிவைத்தான். குழாய் சற்றே நழுவுவதும் உண்டு. இரண்டு துண்டாக வைத்திருந்தால் இணைப்பு விலகுவதும் உண்டு. இவற்றில் எதுவும் வலிக்காது. மூச்சு வாங்காது. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே இருப்பார். வலி வந்தால், வீக்கம் வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனில் முன்னாடியே தெரிந்துவிட்டால், அதே தொடை வழியாக இன்னொரு சிறு துண்டை வைத்து அடைத்துவிடலாம்.

ஒரு நடந்த விஷயம். அமெரிக்காவில் 2005-ல் முதன்முதலாக அனுமதி வாங்கிய நெஞ்சுக் குழாய், ஒரு கம்பெனியின் ‘டேக்’ (TAG) என்பது. அதன் ஆரம்ப வடிவத்தில் நீளவாட்டில் ஓடும் தாங்குகம்பி ஒன்று இருந்தது. ஆய்வில் சேர்ந்திருந்த நோயாளிகள் சிலருக்கு அந்தக் கம்பி ஒடிந்திருந்தது. முறைப்படி படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்ததால்தான் அது வெளியே தெரிந்தது. அப்புறம் அந்தக் கம்பியை நீக்கி, துணியை உறுதியாக்கி, மறுவடிவம் கொடுத்த பிறகே அங்கே விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் அப்பாவுக்கு வைத்திருப்பது அதற்கப்புறம் வந்த, பல தடவை திருத்தப்பட்ட குழாய். அந்தத் திருத்தமெல்லாம் யாரோ சிலர் தவறாமல் ஸ்கேனுக்குப் போய் வந்ததால் கிடைத்தது.

இனி, செலவு. ஒவ்வொரு தடவையும் அதே ஊருக்குப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சேலத்திலேயே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, படங்களை அங்கே அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காப்பீட்டுப் பிரிவில் என்ன கிடைக்கும் என்று நேரில் கேளுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டை (CD) மறக்காமல் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. என்னிடம் வருகிற பலர் காகிதத்தை மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருப்பார்கள், தட்டை மட்டும் எங்கேயோ போட்டிருப்பார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே இடத்தில் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, தேதியும் வீக்கத்தின் அதிகபட்ச விட்டமும் எழுதிவாருங்கள். 6.2 இருந்தது 5.8 ஆனால் சந்தோஷம். அப்படியே நின்றாலும் பரவாயில்லை. 5 மில்லிமீட்டர் கூடியிருந்தால் அன்றே குழாய் வைத்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ரத்தக்குழாய் படத்தில் தெளிவாகத் தெரிய, ஸ்கேனின்போது ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அதனால் ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து ஏற்றாமலே ஒரு சாதா சி.டி. எடுத்து வீக்கத்தின் அளவையாவது பார்க்கலாம். ‘மருந்து ஏற்றக்கூடாது என்றார்கள், அதனால் ஸ்கேனே எடுக்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் அம்மாப்பேட்டைக்காரர், அப்பா தறிக்காரர், அதனால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1950-களில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர், பெருந்தமனிக்குப் பதிலாக வைக்கத் துணிக்குழாய் செய்யலாமா என்று யோசித்தார். கடைக்கு நைலான் வாங்கப் போனார், இல்லை என்றார்கள். இருந்த டேக்ரான் துணியை வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினில் தானே தைத்தார். அந்த டேக்ரான்தான் பாலியெஸ்டர். இன்றைக்கும் பல குழாய்களின் மேல் இருப்பது அதன் வாரிசுதான். அப்பாவிடம் சொல்லுங்கள், துணியின் அருமை தெரிந்தவர் அவர்.

“என் மாமனாருக்குக் குழாய் வைத்து ஒன்றரை வருடம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் சகோதரி இடது கையில் பிரஷர் பார்த்தால் 110 காட்டுகிறது. கிளினிக்கில் வலது கையில் பார்த்தால் 160. குறைவாக இருக்கிறதே என்று ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டோம். எது சரி?” – ஒரு மருமகள், ஓமலூர்

வலது கை சொல்வதுதான் சரி. நிறுத்திய மாத்திரையைப் பற்றி இன்றே டாக்டரிடம் பேசுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

காரணம் இது. பெருந்தமனி வளைந்து கீழே திரும்புகிற இடத்தில்தான் இடது கைக்குப் போகிற கிளை பிரிகிறது. குழாய்க்கு மேல்முனையில் நல்ல பிடி வேண்டும் என்பதற்காக, பல நேரம் அந்தக் கிளையின் வாயையும் சேர்த்து மூட வேண்டி வரும். அப்புறம் இடது கைக்கு ரத்தம் கழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். கை பிழைத்துக்கொள்ளும், ஆனால் அங்கே அழுத்தம் குறைந்திருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் குழாயின் முனைக்கும் போகிற அழுத்தம் வலது கை காட்டுகிற 160. அதை 110 என்று நம்பி மாத்திரையைக் குறைப்பது ஆபத்து.

நீங்களே சோதிக்கலாம். மாமனாரை உட்கார வைத்து, இரண்டு மணிக்கட்டிலும் கட்டைவிரல் பக்கம் ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். வலது பக்கம் நாடி தட்டும். இடது பக்கம் மெலிந்தோ, ஒரு நொடிப்பொழுது தாமதமாகவோ இருக்கும், சிலருக்குக் கிடைக்கவே கிடைக்காது. பிரஷர் நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் ‘வலது கை மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டுக்கு வரும் சகோதரி மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு யார் சொன்னார்கள்?

இடது கையால் வேலை செய்யும்போது கை வலித்துச் சோர்ந்து போனாலோ, கூடவே தலை சுற்றினாலோ காட்ட வேண்டும். கழுத்துப் பக்கம் சின்ன பைபாஸ் செய்து ரத்தம் கொண்டுபோக வழி இருக்கிறது. முன்பே இதயத்தில் பைபாஸ் ஆனவர்களுக்கு இன்னொரு விஷயம்: பைபாஸுக்குப் பயன்படுத்தும் மார்பு ரத்தக்குழாய் பெரும்பாலும் இந்த இடது கைக் கிளையிலிருந்துதான் வருகிறது. அதை மூடினால் இதயத்துக்குப் போகும் ரத்தமே குறையும். குழாய் வைப்பதற்கு முன்னாலேயே பைபாஸ் ஆனதைச் சொல்லிவிட வேண்டும்.

“நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், 71 வயது. எனக்கு 5.9 செ.மீ. வீக்கம். நெஞ்சைத் திறந்து செய்வதா, குழாயா என்று முடிவு செய்ய வேண்டும். உடனடி ஆபத்து குழாயில் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஐந்து, பத்து வருடம் கழித்து யார் முன்னால் நிற்கிறார்கள் என்று யாரும் எண் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.” – ஐந்து ரோடு, சேலம்

எண் கேட்கிறீர்கள் ஐயா, தருகிறேன்.

மேலே சொன்ன டேக் குழாய் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 140 பேருக்குக் குழாய், 94 பேருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை. சிகிச்சையை ஒட்டிய நாட்களில் இறந்தவர்கள் குழாய்ப் பக்கம் 2.1 சதவீதம், அறுவைப் பக்கம் 11.7 சதவீதம். முதுகுத் தண்டுக்கு ரத்தம் குறைந்து காலில் பலவீனம் வந்தது குழாயில் சுமார் 3 சதவீதம், அறுவையில் சுமார் 14. ஐந்து வருட முடிவில், பெருந்தமனி வீக்கம் தொடர்பாக இறந்தவர்கள் குழாயில் 2.8 சதவீதம், அறுவையில் 11.7. அறுவைப் பக்கத்து எண் முதல் நாட்களிலிருந்து நகரவேயில்லை பாருங்கள். ஆபரேஷனைத் தாண்டியவர்களை அதன்பின் அந்த வீக்கம் ஒன்றும் செய்யவில்லை என்று அதற்குப் பொருள்.

இனிதான் நீங்கள் கேட்டது. எந்தக் காரணத்தாலும் இறக்காமல், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் குழாயில் 68 சதவீதம், அறுவையில் 67. கிட்டத்தட்ட சமம்.

கணக்கு ஆசிரியருக்கு இது உறுத்தும். வீக்கத்தால் இவ்வளவு குறைவாக இறந்தால், மீதிப் பேர் எதனால் போனார்கள்? மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், புற்றுநோய். பெருந்தமனி வீங்குகிற வயதில் மற்ற ரத்தக்குழாய்களும் கெட்டுப்போயிருக்கும். பலர் பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர்களாக இருப்பார்கள். குழாய் தன் வேலையைச் செய்தது. உடம்பின் மற்ற வேலையை யாரும் செய்யவில்லை. அதனால், குழாயா அறுவையா என்று மண்டையை உடைத்துக்கொள்கிற அளவுக்குப் புகையை நிறுத்துவதிலும், பிரஷரைப் பிடிப்பதிலும், கொழுப்பு மாத்திரையை விடாமல் போடுவதிலும் முனைப்புக் காட்டுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

இன்னொரு எண்ணும் உங்கள் கண்ணில் படலாம். அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வில், வெடிக்காத வீக்கத்துக்குத் திறந்து செய்தவர்களில் ஐந்து வருடம் கழித்து 72 சதவீதம் பேர் இருந்தார்கள், குழாய் வைத்தவர்களில் 62 சதவீதம். இதைப் பார்த்துக் குழாயே மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். நெஞ்சைத் திறந்தால் தாங்க மாட்டார் என்று ஒதுக்கிய வயதானவர்கள், நோயாளிகள் எல்லாம் குழாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தொடக்கத்திலேயே இரண்டு கூட்டமும் சமம் இல்லை. ஆனால் ஒன்றை இந்த ஆய்வு நமக்குச் சொல்கிறது: வலுவான உடம்பும், நல்ல நுரையீரலும், குழாய்க்கு ஏற்ற பிடிமானம் இல்லாத பெருந்தமனியும் உள்ள ஒருவருக்குத் திறந்த அறுவை இன்னமும் மரியாதைக்குரிய வழிதான்.

உங்கள் 5.9 செ.மீ. சிகிச்சை செய்ய வேண்டிய அளவு. 5.5 தாண்டினாலே பேச ஆரம்பிக்கிறோம். உங்கள் டாக்டரிடம் இரண்டே இரண்டைக் கேளுங்கள். மேலேயும் கீழேயும் குழாய் பிடிக்க எத்தனை சென்டிமீட்டர் நல்ல சுவர் இருக்கிறது? இரண்டு சென்டிமீட்டராவது இருந்தால் 71 வயதில் நான் குழாயைத்தான் சொல்வேன். அடுத்து, வருடா வருடம் ஸ்கேனுக்கு உங்களால் வர முடியுமா? முடியாது என்றால் குழாயின் கணக்கே மாறிப்போகும். பிறவியிலேயே ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமான மார்ஃபான் போன்ற நோய் உள்ளவர்களுக்கு மட்டும் பொதுவாக அறுவையே முதல் தேர்வு, உங்கள் வயதில் அது இருக்க வாய்ப்புக் குறைவு.

உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுப் பெருந்தமனி வீக்கம் வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் குடும்பத்திலும் அது இருக்கிறது.

“என் வீட்டுக்காரருக்கு 47 வயது. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை. எட்டு மாதம் முன்பு முதுகில் கிழிக்கிற மாதிரி வலி வந்து, பெருந்தமனி கிழிந்துவிட்டது, பி வகை என்றார்கள். பிரஷர் 200-க்கு மேல் இருந்தது. குழாய் வைக்கவில்லை, மாத்திரை மட்டும்தான். பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒருவருக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். எங்களை ஏழைகள் என்று விட்டுவிட்டார்களா? அவர் மறுபடி வேலைக்குப் போகலாமா?” – நாகலூர்

இல்லை அம்மா, ஏழை என்பதால் இல்லை. இந்தச் சந்தேகத்தோடு எட்டு மாதம் இருந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இது வீக்கம் இல்லை, கிழிசல். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து ஒரு பொய்வழியை உண்டாக்கிக்கொள்கிறது. இதயத்தை ஒட்டிய மேல்பகுதியில் கிழிந்தால் ஏ வகை, உடனே நெஞ்சைத் திறந்தாக வேண்டும். இடது கைக் கிளையைத் தாண்டிக் கீழே மட்டும் கிழிந்தால் பி வகை. அதில் குடலுக்கோ காலுக்கோ ரத்தம் தடைப்படாமல், வெடிக்கும் அறிகுறி இல்லாமல் இருந்தால், முதலில் மாத்திரையால் பிரஷரையும் நாடித்துடிப்பையும் இறக்குவதுதான் உலகம் முழுக்க உள்ள வழக்கம். கிழிசலை ஒன்று இரண்டு மூன்று என்று முதலில் வகை பிரித்தவர்களில் ஒருவர் அந்தத் தையல் மெஷின் டிபேக்கிதான். அவருக்கே 97-ஆவது வயதில், 2005-ஆம் வருடக் கடைசி நாளில் பெருந்தமனி கிழிந்தது. மறுவருடம் திறந்த அறுவை செய்து, 2008-ல் 99 வயது வரை இருந்தார்.

மாத்திரையோடு குழாயும் சேர்த்து வைத்தால் பின்னாளில் நல்லதா என்று ஐரோப்பாவில் 140 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பலர் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அதே ஆட்களை ஐந்து வருடம் தொடர்ந்தபோது படம் மாறியது. பெருந்தமனியால் நேர்ந்த மரணம் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 19.3 சதவீதம், குழாயும் வைத்தவர்களில் 6.9. கிழிசல் முற்றியது முன்னவர்களில் 46.1 சதவீதம், பின்னவர்களில் 27. இந்த நோயில் இரண்டு வருடம் என்பது ரொம்பக் குறைந்த காலம்.

அப்படியானால் எல்லோருக்கும் வைத்துவிடலாமே என்றால், அதுவும் இல்லை. குழாயால் பக்கவாதம் வரலாம், கால் பலவீனம் வரலாம், கிழிசல் மேல்நோக்கிப் போய் ஏ வகையாகவும் மாறலாம். சிலருக்கே என்றாலும் வருவது உண்மை. அதனால் யாருக்கு முற்றும் என்று அடையாளம் பார்த்து வைக்கிறார்கள்: கிழிந்த சமயத்திலேயே பெருந்தமனி 4 செ.மீ.க்கு மேல் இருந்ததா, பொய்வழி 22 மி.மீ.க்கு மேல் அகலமா, பிரஷர் எத்தனை மாத்திரைக்கும் அடங்கவில்லையா என்று. அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு இவற்றில் ஏதாவது இருந்திருக்கும். குழாய் வைப்பதானால் கிழிந்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் சௌகரியம், சுவர் அப்போது இளக்கமாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது ஒரு சி.டி. எடுத்து அன்றைய படத்தோடு ஒப்பிடுவது. வளர்ந்திருந்தால், முக்கியமாக 5.5-ஐ நெருங்கினால், குழாய் பற்றிப் பேசலாம், நேரம் தவறிவிடவில்லை.

வேலைக்குப் போகலாம், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. மூட்டை தூக்கக் கூடாது. காப்பி மூட்டையை முதுகில் ஏற்றும்போது மூச்சைப் பிடிப்பார், அந்த நொடியில் பிரஷர் எங்கேயோ போய் நிற்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பதும் வேண்டாம். களத்தில் காப்பி கிளறலாம், பழம் பறிக்கலாம், நாற்றுக்குத் தண்ணீர் விடலாம், சமதளத்தில் நடக்கலாம். இதை ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டு மேஸ்திரியிடம் கொடுங்கள். வாய்ச்சொல்லாகப் போனால் இரண்டு நாளில் மூட்டை தூக்கச் சொல்லிவிடுவார்கள். ஏற்காட்டின் உயரம் அவரை ஒன்றும் செய்யாது. 1,500 மீட்டர்தான். இருமலும் மலச்சிக்கலும் அதைவிடக் கெடுதல், இரண்டையும் வளரவிடாதீர்கள்.

எனக்கு உங்கள் விஷயத்தில் பெரிய பயம் மாத்திரை தீர்ந்துபோவது. மழைக்காலத்தில் பாதையில் மரம் விழுந்தது, மண் சரிந்தது என்று கீழே இறங்க முடியாமல் போகும். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பும் பிரஷரும் எகிறும். எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகத் தகரடப்பாவில் இருக்கட்டும். பிரஷர் 130/80-க்குள் இருக்க வேண்டும். அவர் ‘உடம்பு சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு’ என்று கேட்பார், எல்லா வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். சரியாக இருப்பது மாத்திரையால்தான் என்று சொல்லுங்கள்.

“என் மகனுக்கு 24 வயது. தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் பெருந்தமனி கிழிந்து, அன்று இரவே குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு வருடமாகிறது. அவனுக்கு எத்தனை வருடம் ஆயுள்? கல்யாணம் செய்யலாமா?” – ஒரு தாய், ஆத்தூர்

கல்யாணம் செய்யுங்கள். பெண் வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிச் செய்யுங்கள்.

வேகமாக மோதும்போது பெருந்தமனி கிழிவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், இடது கைக் கிளையைத் தாண்டியவுடன். முன்பெல்லாம் இப்படி வந்தவர்களை நெஞ்சைத் திறந்து காப்பாற்றுவது மிகக் கடினம். தலையில் அடி, விலா முறிவு, கல்லீரல் காயம் எல்லாம் கூடவே இருக்கும். குழாய் வந்த பிறகு பிழைக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். விபத்தில் கிழிந்தது நோய்வாய்ப்பட்ட பெருந்தமனி அல்ல, நல்ல பெருந்தமனி. அதனால் வயதானவர்களுக்கு வருகிற கசிவும் நழுவலும் இவர்களுக்கு அரிது.

வேறு இரண்டு விஷயம் இருக்கிறது. குழாய் வைத்த இடம் விறைத்துவிடும், பெருந்தமனி மீள்தன்மையை இழக்கும். அதனால் இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் வரலாம். 24 வயதுப் பையனுக்கு யாரும் பிரஷர் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வலது கையில், பார்க்க வையுங்கள். அடுத்தது, காலம். முதன்முதலில் இப்படி ஒரு குழாயை நெஞ்சுப் பெருந்தமனிக்குள் வைத்தது 1987-ல், உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் வோலோடோஸ் என்ற மருத்துவர். அதுவும் உங்கள் மகனுக்கு வந்ததைப் போலவே அடிபட்டதால் வந்த கோளாறுக்குத்தான். அமெரிக்காவில் 1992-ல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் (Dake) என்ற மருத்துவர் தொடங்கினார். 1994-ல் முதல் 13 பேரின் விவரத்தை வெளியிட்டார். ஆக, இந்தச் சிகிச்சைக்கே வயது சுமார் நாற்பதுதான். அவனுக்கு 60 வயதாகும்போது பெருந்தமனி எவ்வளவு விரிந்திருக்கும், குழாய் என்ன நிலையில் இருக்கும் என்பதை அவன் தலைமுறையை வைத்துத்தான் உலகமே தெரிந்துகொள்ளப் போகிறது. அதனால் அவன் பார்வையிலிருந்து மறைந்துவிடக் கூடாது.

மறைந்துவிடுகிறார்கள், அதுதான் என் ஆற்றாமை. விபத்தில் பிழைத்த இளைஞர்கள் வேலை, திருமணம், வெளியூர் என்று போய்விடுகிறார்கள். ஸ்கேனுக்கு வருவதில்லை. கதிர்வீச்சு பயம் இருந்தால், முதல் சில படங்கள் நன்றாக இருக்கும்பட்சத்தில் எம்.ஆர்.ஐ.க்கு மாறலாம். நிட்டினால் குழாய்க்கு அது பெரும்பாலும் பொருந்தும். இடைவெளியையும் டாக்டரோடு பேசி நீட்டிக்கொள்ளலாம். குழாயின் கம்பெனி, அளவு, வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று டிஸ்சார்ஜ் அன்று கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்து அவன் போனிலும், உங்கள் போனிலும், நாளை மருமகள் போனிலும் வைத்திருங்கள்.

“வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். குழாய் வைத்த எனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைப் பார்த்து என் மகள் சண்டை போட்டாள், இது உனக்கு ஆகாது என்று. உண்மையா?” – செவ்வாய்ப்பேட்டை

மகள் சொன்னது உண்மை. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் – இந்தக் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் பெருந்தமனி வீக்கம், கிழிசல் உள்ளவர்களுக்கு அவற்றை அதிகப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோது டாக்டர் தெரிந்து கொடுப்பது வேறு. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றவுடன் சீட்டில்லாமல் எடுத்து நீட்டுவது இவற்றைத்தான். பெயரின் முடிவில் ‘ஃப்ளாக்சசின்’ என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். வயிற்றுப்போக்குக்கு முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல். உடம்பில் நீர் வற்றிப் பிரஷர் ரொம்பக் கீழே போவதும் குழாய் வைத்தவர்களுக்கு நல்லதல்ல, முதுகுத் தண்டுக்கு ரத்தம் குறையும்.

“இரவில் எந்தத் தொந்தரவு வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது?” – மேட்டூர்

நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று பிளக்கிற மாதிரி வலி. மயக்கம். இருமும்போதோ வாந்தியிலோ ரத்தம், அது ஒரு ஸ்பூன் என்றாலும் சரி. கால் இரண்டும் திடீரென்று பலவீனமாவது, சிறுநீர் வராமல் நிற்பது. பேச்சுக் குழறல். இதில் எது வந்தாலும் 108.

இரண்டு மூன்று நாளில் காட்டலாம் என்பவையும் உண்டு: காரணமில்லாமல் குரல் கம்மிப்போவது, விழுங்கக் கஷ்டம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல். வீக்கம் பக்கத்து நரம்பையோ உணவுக்குழாயையோ அழுத்தினாலும், குழாயில் கிருமி ஏறினாலும் இப்படி ஆகும். பத்து நாள் தொண்டைக்கு மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

108-ல் ஏறியதும், இறங்கிய இடத்தில் பார்க்கும் முதல் டாக்டரிடமும், வேறு எதையும் சொல்வதற்கு முன் ‘அயோர்ட்டாவில் ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்திருக்கிறது’ என்று சொல்லுங்கள். வெறுமனே ‘ஸ்டென்ட்’ என்று சொன்னால் இதயத்தில் வைத்த ஸ்டென்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். நெஞ்சுவலி என்றதும் மாரடைப்பு என்று நினைத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஏற்பாடு நடக்கலாம். பெருந்தமனி கிழிந்தோ கசிந்தோ இருக்கும்போது அந்த ஊசி உயிருக்கே உலை வைக்கும். முதலில் ஒரு சி.டி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், குழாய் அட்டையைக் கையில் கொடுங்கள்.